ஊறவைத்த நாற்பது நிமிடங்கள்

உடப்புசல்லாவைப் பக்கத்து மலைகளில் மனித நாகரிகம் சென்ற வருடம் ஜூன் மாதம், முதலாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு ஆரம்பமானது. அதற்கு முன்பு இங்குள்ளவர்கள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாகரிகத்தைக் கொண்டுவந்தவன் நான்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் வேறு யாராவது சொல்லிக்கொள்வார்கள். என் பெயர் நிரஞ்சன். ஒரு தேயிலைத் தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர். தோட்டத்தின் பெயரை எழுத நிர்வாகத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கடிதம் பரிசீலனையில் இருக்கிறது. தொழிலாளர்கள் என்னை 'வெல்பெயார் ஐயா' என்பார்கள். அவர்களுடைய நலத்தைக் கவனிப்பது என் கடமை. கவனித்து, படிவத்தில் எழுதி, மேலே அனுப்பிவிடுவேன். அதற்குப் பிறகு நலம் தானாக வந்துசேர வேண்டும்.

எங்கள் தொரை, அதாவது தோட்ட முகாமையாளர், புதியவர், இளைஞர். முன்பிருந்த தொரைமார் காலையில் நாயோடு நடப்பார்கள். இவர் நாய் இல்லாமல் ஓடுகிறார். கொழும்பில் 'நேர முகாமைத்துவம்' பற்றிய இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் வந்த மறுநாளே என்னைப் பங்களாவுக்கு அழைத்து, மேசையில் ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்தார்.

"மிஸ்டர் நிரஞ்சன், இது என்ன?"

"போத்தல் சேர்."

"உள்ளே?"

உள்ளே இருந்தது சுவருக்குப் பூசக் குழைத்த சாந்து மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் எனக்குப் பதினெட்டு வருட உத்தியோக அனுபவம் இருக்கிறது. "மிகவும் நல்லதொரு பொருள் சேர்" என்றேன்.

"ஓவர்நைட் ஓட்ஸ்! ராத்திரி ஊறப்போட்டா காலையில ரெடி. சமைக்கவே தேவையில்ல. எனக்குக் காலைச் சாப்பாட்டுக்கு ரெண்டே நிமிஷம். நம்ம லேபர் பொம்பளைங்க காலையில அடுப்படியில எவ்வளவு நேரம் வீணாக்குறாங்க, தெரியுமா?"

"தெரியாது சேர். ஆனால் நிறைய."

"கண்டுபிடிங்க."

தொரையின் ஓட்ஸை இரவில் ஊறப்போடுவது பங்களாச் சமையல்காரர். காலையில் கிண்ணத்தில் ஊற்றி, வாழைப்பழம் நறுக்கிப் போட்டு, பிறகு போத்தலைக் கழுவி வைப்பதும் அவர்தான். இவையெல்லாம் அந்த 'இரண்டு நிமிட'த்தில் சேரா. விஞ்ஞானம் என்றால் சிலவற்றை ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அழகம்மா குடியிருக்கும் லயத்துக் காம்பரா வாசலில் கைத்தொலைபேசியும் கையுமாக நின்றேன். அழகம்மா முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறவர். கீழ்ப்பிரிவுக் கொழுந்துக் கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால் வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு ஐயாவே பேர்ப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்பார்.

"என்னாங்க ஐயா, விடியக்காலையிலேயே போனப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"யாரும் சாகவில்லை. நீங்க ரொட்டி சுடுங்க. எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பார்க்கத்தான் வந்தேன்."

"சுட்டு முடியிற மட்டும் எடுக்கும். வேற எவ்வளவு எடுக்கும்?"

இவ்வாறான ஒத்துழையாமைக்கு நடுவிலும் ஆய்வு வெற்றிகரமாக முடிந்தது. மாவு பிசைய ஒன்பது நிமிடம். தேங்காய் துருவ ஏழு. தட்டிச் சுட பதினேழு. சம்பல் அரைக்க மறுபடி ஏழு. ஆக மொத்தம் நாற்பது நிமிடம். அழகம்மா எனக்கும் இரண்டு ரொட்டி கொடுத்தார். கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வந்த ரொட்டி, விரலைச் சுட்டது. அதைச் சாப்பிட எனக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. ஆய்வின் தூய்மை கருதி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது கருத்துக்கணிப்பு. அழகம்மாவின் கொழுந்துக் கூட்டத்தில் இருபத்து மூன்று பெண்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "காலையில் நாற்பது நிமிடம் மிச்சமானால் அதை எதற்குப் பயன்படுத்துவீர்கள்?" இப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஒருத்தி தூங்குவேன் என்றாள். இன்னொருத்தி தேத்தண்ணியைச் சூடாக, உட்கார்ந்து குடிப்பேன் என்றாள். "ஒண்ணுஞ் செய்ய மாட்டேன். சும்மா இருப்பேன். அது எப்புடி இருக்கும்னு பாக்கணும்" என்றார் அழகம்மா.

கடைசியாகப் பிரியந்தியிடம் கேட்டேன். அவளுக்கு இருபத்தெட்டு வயது. கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. ஆறு வயதில் தனுஷிகா என்று ஒரு மகள், முதலாம் வகுப்பு.

"ஆறேகாலுக்குப் புள்ள பள்ளிக்கூடம் பொறப்பட்டுருங்க ஐயா. மெயின் ரோட்டுக்குப் போயி பஸ் எடுக்கணும். கீழ ஓடையில ரெண்டு மரத்தப் போட்டு வச்சிருக்காங்கல்ல, அதுதான் பாலம். பெரிய புள்ளைங்க ஓடிப்போயிருதுக. இது பின்னாடி தனியாத்தான் தாண்டும். போன மாசம் வழுக்கி வுழுந்து, மரத்தப் புடிச்சித் தொங்கிக்கிட்டே கத்துச்சாம். நான் அந்நேரம் ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தேன். நாப்பது நிமிசம் கெடச்சா அதைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வுட்டுட்டு வந்து ஏழு மணிக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல நின்டுருவேன். வேற ஒண்ணும் வேணாங்க."

எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. பொய்யில்லை, உண்மையாகவே கனத்தது. பேனாவைத் திறந்து படிவத்தைப் பார்த்தேன். அதில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன: 'சுயதொழில்', 'பயிற்சி வகுப்பு', 'பயன்பாடு இல்லை'. ஓடையைத் தாண்டுவது சுயதொழில் அல்ல. பயிற்சி வகுப்பும் அல்ல. எனவே மூன்றாம் கட்டத்தில் ஒரு சரி போட்டேன். தூக்கத்துக்கும் அங்கேதான் சரி. சூடான தேத்தண்ணிக்கும் அங்கேதான். இருபத்து மூன்று சரிகளும் ஒரே கட்டத்தில் வரிசையாக நின்றபோது பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது.

ஓட்ஸ் வாங்க டவுனுக்குப் போனேன். லாபிர் முதலாளி கடையில் முப்பது பக்கெட் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன சேர், தோட்டத்துல எல்லாருக்குமே சீனி வருத்தமா?"

"இல்லை முதலாளி. காலை உணவுப் புரட்சி."

"அல்லாஹ் காப்பாத்தணும். டொக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றவாறே பக்கெட்டுகளை எண்ணி வைத்தார். நோயில்லாத மனிதன் தானாக விரும்பி ஓட்ஸ் சாப்பிடுவான் என்பதைக் கடைசிவரை அவர் நம்பவில்லை.

இப்போது நான் முதல் வரியில் குறிப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறோம். 'ஓவர்நைட் ஓட்ஸ் மூலம் பெண் தொழிலாளரின் காலைப்பொழுதை விடுவித்தல்' என்ற கருத்தரங்கு புள்ளைக்காம்பராவில் நடைபெற்றது. வேலை நாட்களில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் என்பதால் அங்கிருந்த கதிரைகள் அனைத்தும் ஒரு முழ உயரம். அவற்றில் இருபத்து மூன்று பெண்களும் முழங்காலை நாடியில் முட்டிக்கொண்டு என் உரையைக் கேட்டார்கள். நான் ஜேம் போத்தல் ஒன்றில் ஓட்ஸ் போட்டேன். பால்மா கரைத்து ஊற்றினேன். மூடியை இறுக்கி, போத்தலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் அழகம்மா கையைத் தூக்கினார்.

"அடுப்பு மூட்ட வேணாமாங்க ஐயா?"

"தேவையே இல்லை!"

"அப்பப் புள்ளைங்க மொகங்கழுவ சுடுதண்ணிக்கு என்னா செய்யிறது? நனைஞ்ச யூனிபோம் எதுல காயிறது?"

"அம்மா, இது காலை உணவுத் திட்டம். நெருப்பு வேறொரு திட்டத்தின் கீழ் வரும்."

"சரிங்க. நேத்துச் சோத்துல தண்ணிய ஊத்தி வச்சி, காலையில கரைச்சிக் குடிக்கிறோமே. அதுவும் இதுவும் ஒண்ணுதானுங்களே?"

"ஒன்றில்லை" என்றேன் கண்டிப்பாக. "அது பழையது. இது ஓவர்நைட்."

சபை மௌனமானது. புரிந்துகொண்டார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

முதல் நாள் முடிவுகள் எதிர்பார்த்ததைவிட உற்சாகமாக இருந்தன. அதாவது, ஒன்பது காம்பராக்களில் மூடி தானாகவே கழன்று பறந்துவிட்டது. ஒரு மூடி கூரைத் தகரத்தில் பட்டு, பக்கத்துக் காம்பராவில் படுத்திருந்தவர்கள் கல்லெறிகிறார்கள் என்று எழுந்து வெளியே ஓடிவந்தார்களாம். விசாரித்தபோது காரணம் தெரிந்தது. இந்தக் குளிரில் தோசை மாவு சும்மா வைத்தால் பொங்காது. இரவு முழுவதும் அடுப்புச் சூட்டுப் பக்கத்தில் வைத்தால்தான் காலையில் பொங்கி நிற்கும். இங்குள்ள பெண்கள் அத்தனை பேருக்கும் கைப்பழக்கம் அது. ஊறப்போட்ட எதுவும் அவர்களுக்கு மாவுதான்.

"பொங்க வேணாம்னு நீங்க சொல்லவே இல்லியே ஐயா" என்றார் அழகம்மா. "நல்லாத்தான் பொங்கிருக்கு. நான் அதுல நாலு தோசை ஊத்திட்டேன். புளிப்பு கொஞ்சம் தூக்கல்."

தோசை ஊற்ற எவ்வளவு நேரம் பிடித்தது என்று நான் கேட்கவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரத்திலிருந்து திட்டம் வெற்றிபெறத் தொடங்கியது. என்னால் அல்ல. பால்மாவையும் சீனியையும் ஒதுக்கிவிட்டு, தயிர், உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு ஊறவைத்துப் பார்த்தார்கள். போத்தலை அடுப்பிலிருந்து தள்ளி, ஜன்னல் பக்கம் வைத்தார்கள். எங்கள் ஊரில் ஜன்னல் பக்கம் என்றால் குளிர்சாதனப் பெட்டி மாதிரிதான். பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள். மாவும் தேங்காயும் இல்லாத காலைகள் வந்தன. அடுப்பில் தேத்தண்ணியும் சுடுதண்ணியும் மட்டும் கொதித்தன. நாற்பது நிமிடம் மெய்யாகவே மிஞ்சியது.

பிரியந்தியை நான் தினமும் பார்த்தேன். உத்தியோகத்தர் குவாட்டர்ஸில் என் குளியலறை ஜன்னலுக்குக் கீழேதான் ஓடைக்கு இறங்கும் பாதை போகிறது. ஆறேகாலுக்கு, நான் சவரம் செய்யும் நேரத்தில், பனிக்குள் ஒரு வெள்ளைச் சீருடையும் அதன் கையைப் பிடித்தபடி அம்மாவும் போவார்கள். தனுஷிகா நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகும். ஒருநாள் என்னைக் கண்டு கைகாட்டியது. நானும் சவரத் தூரிகையை ஆட்டினேன். அந்த நிமிடம் என் உத்தியோகத்தின்மீது எனக்கு ஏற்பட்ட மரியாதையை எந்தப் பதவி உயர்வும் தந்ததில்லை. அதற்குப் பதவி உயர்வு எதுவும் வராததும் ஒரு காரணம்.

செப்டம்பரில் அறிக்கை தயாரித்தேன். முப்பத்தொரு பக்கம், நான்கு வரைபடம், வர்ண அட்டை. தொரை அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தார்.

"வெரி குட். ஒருத்தருக்கு நாப்பது நிமிஷம் மிச்சம். அந்த நாப்பது நிமிஷத்துல என்ன செய்றாங்க?"

இந்த இடத்தில் நான் சற்று யோசித்திருக்கலாம். ஜன்னலுக்குக் கீழே போன வெள்ளைச் சீருடை என் நினைவில் இருக்கத்தான் செய்தது. ஆனால் உத்தியோகத்தன் என்பவன் கண்ணால் கண்டதைப் பேசக் கூடாது. எழுதியதைத்தான் பேச வேண்டும். பக்கம் பதினான்கைத் திறந்தேன்.

"இருபத்து மூன்று பேருக்கும் 'பயன்பாடு இல்லை' சேர்."

"சும்மா கிடக்குற நேரமா?" தொரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப பெரட்ட ஏழு மணியில இருந்து ஆறு இருபதுக்கு எடுத்திருவோம். காலையில எடுக்குற கொழுந்து நல்லது. எப்படி?"

"மிகச் சிறந்த யோசனை சேர்" என்றேன். பதினெட்டு வருட அனுபவம் எனக்கு முன்னால் ஓடிப்போய்ப் பதில் சொல்லிவிட்டது.

பெரட்டு என்பது காலையில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடி, பேர் கொடுத்து, எந்த மலையில் வேலை என்று கேட்டுக்கொண்டு போவது. அதற்குப் பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை. திங்கட்கிழமை முதல் கீழ்ப்பிரிவில் 'அதிகாலை உற்சாகப் பெரட்டு' நடைமுறைக்கு வந்தது. 'உற்சாகம்' என்ற சொல் என் பங்களிப்பு. மாலையில் நாற்பது நிமிடம் முன்னதாக விடுவார்களா என்று சிலர் கேட்டார்கள். அது பிற்காலத் திட்டங்களில் கவனிக்கப்படும் என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பிரியந்தி என் அலுவலகத்துக்கு வந்தாள். அழகம்மாவும் கூட வந்திருந்தார்.

"ஐயா, தொரைக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. நீங்க கேட்டப்ப நான் சொன்னேன்ல, பாலத்தப் பத்தி. அத எழுதினீங்கதானே?"

"எழுதினேனே."

"எங்க, பாப்பம்."

படிவத்தைக் காட்டினேன். அவள் பெயரையும் அதற்கு நேரே இருந்த சரியையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு 'பயன்பாடு இல்லை' என்பதை எழுத்துக் கூட்டுகிற பிள்ளையைப் போல மெதுவாக வாசித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இப்பயாச்சும் எழுதுங்க ஐயா" என்றாள்.

முறைப்பாடு என்றால் கண்டாக்கு ஐயா மூலம் வர வேண்டும், அதற்கு வேறு படிவம், அந்தப் படிவம் முடிந்துவிட்டது, அச்சடிக்கக் கொடுத்திருக்கிறது என்று விளக்கினேன். புதன் வந்தார்கள். வியாழன் வந்தார்கள். இப்படி இரண்டு வாரம், கடைசியில் இருபத்து மூன்று பேருமே வந்தார்கள். அவர்களுடைய விடாமுயற்சியை நான் மனதாரப் பாராட்டினேன்.

மூன்றாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் தனுஷிகா பாலத்தில் வழுக்கி விழுந்தது. பிந்தி வந்த பத்தாம் வகுப்புப் பையன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். ஒரு சப்பாத்து ஓடையோடு போய்விட்டது. பிள்ளை ஒற்றைச் சப்பாத்தோடு திரும்பி வந்து, அம்மா வரும்வரை பூட்டிய காம்பரா வாசலில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்ததாம். பிரியந்தி வேலை முடிந்து வந்தது மாலை நாலரைக்கு.

மறுநாள் ஆறு இருபதுக்குப் பெரட்டுக் களத்தில் நானும் இருந்தேன். உற்சாகத்தை அளவிடப் போயிருந்தேன். பனி மூடியிருந்ததால் முதலில் தெரியவில்லை. கண்டாக்கு ஆண்டியப்பன் பேர் கூப்பிட ஆரம்பித்தார்.

"பிரியந்தி!"

"ஆமாங்க ஐயா" என்று ஒரு குரலும், "ஆமாங்க ஐயா" என்று இன்னொரு சின்னக் குரலும் கேட்டன.

பனி விலகியது. பிள்ளையுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் பக்கத்தில், கொழுந்துக் கூடைக்கு அருகே, வெள்ளைச் சீருடையும் டையும் புத்தகப் பையுமாக ஒரு பிள்ளை நின்றது. சிலருக்கு இரண்டு. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது பேர். தனுஷிகாவின் காலில் இரவல் வாங்கிய செருப்பு. பிள்ளை இல்லாத பெண்களும் பிள்ளைகளின் பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"என்னா இது?" என்றார் கண்டாக்கு. "பள்ளிக்கூடத்த மலையிலயா வச்சிருக்கு?"

சரியாக அப்போது தொரை ஓடிவந்தார். அது அவருடைய உடற்பயிற்சி நேரம். மூச்சு வாங்க நின்று, பிள்ளைகளைப் பார்த்தார்.

"இவங்கல்லாம் யாரு?"

அழகம்மா முன்னால் வந்தார்.

"இவங்கதாங்க தொரை அந்த நாப்பது நிமிசம். எங்ககிட்ட மிச்சமா இருக்குன்னு வாங்கிக்கிட்டீங்கல்ல? நேரத்த மட்டும் வச்சிக்கிட்டு என்னா செய்யப் போறீங்க? புள்ளைங்களையும் சேத்து வாங்கிக்குங்க."

தொரை பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் தொரையின் மஞ்சள் நிறச் சப்பாத்தைப் பார்த்தார்கள். பிறகு தொரை என்னைப் பார்த்தார். முகாமைத்துவம் படித்தவர் என்பது அப்போதுதான் எனக்கு நன்றாக விளங்கியது.

"மிஸ்டர் நிரஞ்சன், உங்க ஒபிஸ் எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு சேர்."

"ஆறு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும் என்ன செய்றீங்க?"

வாயைத் திறந்தேன். சொல்வதற்கு நிறைய இருந்தது. சவரம் செய்கிறேன். வானொலியில் செய்தி கேட்கிறேன். டவுன் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவி சுலக்ஷனா ஏழு மணி வேனுக்குப் புறப்படுவதற்கு முன்பு, ஆறரைக்கு நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சூடான ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிடுகிறோம். ஒரு நாளில் நாங்கள் நிம்மதியாகப் பேசிக்கொள்வது அந்த அரைமணி நேரம்தான். ஆனால் இருபத்து மூன்று பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஒன்றுமில்லை சேர்" என்றேன்.

"குட். அப்ப நாளையில இருந்து பிள்ளைங்கள நீங்க மெயின் ரோட்டுல விட்டுட்டு வாங்க."

இவ்வாறாக நான் 'பாடசாலை வழித்துணை இணைப்பாளர்' ஆனேன். பதினெட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே புதிய பதவி. அன்று மாலை சுலக்ஷனாவிடம் செய்தியைச் சொல்லி, இனிமேல் ரொட்டியை ஐந்தரைக்கே சுட்டுவிட்டால் நல்லது என்று பணிவாகக் கேட்டுக்கொண்டேன்.

"அஞ்சரைக்கு ரொட்டின்னா நான் நாலரைக்கு எழும்பணுங்க. என்னால முடியாது. அதான் போத்தல் இருக்கே? ஊரெல்லாம் கூட்டம் போட்டுச் சொன்னீங்களே."

அப்போதுதான் எனக்கே ஒரு விடயம் உறைத்தது. இந்தத் திட்டத்தை வகுத்து, விளக்கி, அறிக்கை எழுதி, வர்ண அட்டை போட்ட நான் அதுவரை ஒரு கரண்டி ஓட்ஸ்கூடச் சாப்பிட்டதில்லை.

முதல் நாள் சாப்பிட்டேன். பல் கூசியது. வயிற்றில் ஒரு ஈரத்துணியைப் போட்டது போல இருந்தது. மெயின் ரோட்டு மதகில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பத்தொன்பது பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். "வெங்காயம் போடலியா ஐயா?" என்று ஒரு பையன் அனுதாபத்தோடு கேட்டான். இரண்டாம் நாள் மழை. இரு கணுக்காலிலும் அட்டை. குவாட்டர்ஸுக்குத் திரும்பும்போது சுலக்ஷனா போயிருந்தாள். வீடு குளிர்ந்து கிடந்தது. வானொலியில் செய்தி முடிந்து விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. அன்று முழுவதும் நான் யாரிடமும் நல்ல முகத்தோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் பாலத்தில் நானே வழுக்கினேன். விழவில்லை, ஆனால் நடு மரத்தில் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் நின்றுவிட்டேன். கீழே தண்ணீர் பழுப்பு நிறத்தில் இரைந்து ஓடியது. அக்கரையிலிருந்து தனுஷிகா திரும்பி வந்து என் விரலைப் பிடித்தது.

"தண்ணியப் பாக்காதீங்க ஐயா. என் காலப் பாத்துக்கிட்டே வாங்க. பயமா இருந்தா சத்தமாப் பேசுங்க. நானும் அம்மாவும் அப்புடித்தான் பேசிக்கிட்டு வருவோம்."

ஜன்னலிலிருந்து பார்த்த நாட்களில் அந்தப் பிள்ளை ஏன் நிறுத்தாமல் பேசிக்கொண்டு போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை இங்கே நேராகவே எழுதிவிடுகிறேன்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்து தொரைக்குக் கடிதம் எழுதினேன். படிவம் இல்லாமலே எழுதினேன். நான்கு பக்கம். அதிகாலைப் பெரட்டால் குடும்ப வாழ்வு சீர்குலைகிறது; காலைச் சூட்டுணவு இல்லாதவர் நாள் முழுவதும் சோர்ந்திருக்கிறார்; கணவன் மனைவி முகம் பார்த்துப் பேச நேரமில்லை; பாலம் மனிதர் நடக்க ஏற்றதல்ல. மிகவும் உருக்கமாக வந்திருந்தது. இரண்டாம் பக்கத்தில் எனக்கே கண் கலங்கியது. மறக்காமல் பிள்ளைகளைப் பற்றியும் கடைசியில் ஒரு பந்தி சேர்த்தேன்.

தொரை பத்து நிமிடத்தில் வாசித்துக் கையெழுத்துப் போட்டார். பெரட்டு பழையபடி ஏழு மணிக்கு. பாலத்துக்குப் பலகையும் கைப்பிடியும் போட உத்தரவு.

"இவ்வளவு பிரச்சினை இருக்குன்னு ஏன் முன்னாடியே எழுதல மிஸ்டர் நிரஞ்சன்? நான் கேக்க மாட்டேன்னா சொன்னேன்?"

"படிவம் அச்சில் இருந்தது சேர்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிப் பெரட்டில் நானே இந்த வெற்றியை அறிவித்தேன். பிரியந்தி அப்போதுதான் மகளை அக்கரையில் விட்டுவிட்டு, சேலை ஓரமெல்லாம் பனித்தண்ணீரோடு மூச்சு வாங்க வந்து நின்றாள். தொழிலாளர் நலனுக்காக ஓர் உத்தியோகத்தன் எவ்வாறு போராட வேண்டியிருக்கிறது என்பது பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். பேசி முடித்து, நன்றியுரைக்கு இடம்விட்டு நின்றேன். அழகம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ரொம்ப நன்றிங்க ஐயா. நாங்க இருவத்தி மூணு பேரு ரெண்டு வாரமா நடையா நடந்தோம், எழுதலீங்க. புள்ள ஓடையில வுழுந்துச்சு, அப்பவும் எழுதலீங்க. ஐயாவுக்கு மூணு நாளு சூடா ரொட்டி இல்லாமப் போச்சு, நாலாம் நாளு எழுதிப்புட்டீங்க."

எல்லோரும் மலைக்குப் புறப்பட்டார்கள். அழகம்மா சொன்னதைச் சொல் மாறாமல், திட்டத்தின் இறுதி அறிக்கையில், 'பயனாளிகளின் பாராட்டு' என்ற தலைப்பின் கீழ் எழுதிவைத்திருக்கிறேன். எழுதி ஒரு மாதமாகிறது. அதை இன்னும் மேலே அனுப்பவில்லை. ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று இருக்கிறேன், வாசிக்கத்தான் முடியவில்லை.